பேரு மட்டும் வந்துரக்கூடாது

அது ஸ்கேன் கவருதான தம்பி? தெரியும். எங்க வீட்டுலயும் அதே மாதிரி ஒண்ணு பீரோ மேல கெடக்கு. மடக்கவும் முடியாது, உள்ள வைக்கவும் முடியாது. எப்ப ஆபரேசன்? வாற வியாழக்கிழமையா? முழு மயக்கமா, இல்ல முதுகுல ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ மட்டும் மரத்துப்போக வைப்பாவளே, அதுவா?

முழு மயக்கம். ம். அதான் மொகத்துலயே தெரியுதே. திருநெல்வேலியில ஏறுனதுல இருந்து பாக்கேன், நீங்க ஜன்னலுக்கு வெளிய பாக்கிய, ஆனா ஒண்ணையும் பாக்கல.

எனக்கு முடிஞ்சு இன்னைக்குப் பன்னெண்டாம் நாளு. பித்தப்பையில கல்லு. வயித்துல நாலு ஓட்டை போட்டு எடுத்துட்டாவ. இன்னைக்குத்தான் தையல் பிரிச்சிட்டு வாரோம். வாரோம்னா, அந்தா, டிரைவருக்குப் பின்னால பொம்பளையாளு சீட்டுல, கத்திரிப்பூக் கலர் சேலை, மடியில ஒயர் கூடை வச்சிருக்கால்லா, அவளும் நானும். என் பொண்டாட்டி.

ஏன் தனித்தனியா உக்காந்திருக்கோமா? எடமெல்லாம் இருந்துச்சு. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு நாங்க பேசிப் பதினோரு வருசம் ஆகுது தம்பி. பஸ்ஸுல மட்டும் ஒண்ணா உக்காந்து என்ன செய்ய?

சத்தமாப் பேசுதேனா? அது அப்படித்தான். இருபத்தாறு வருசம் பஸ் ஸ்டாண்டுல மைக்குப் பிடிச்சவன் நான். டைம் ஆபீஸ். எந்தப் பஸ்ஸு எங்க நிக்குது, எப்பப் பொறப்படுதுன்னு சொல்லுத வேலை. 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு'ன்னு ஆரம்பிக்கும்லா, அது நான்தான். தலைக்கு மேலயே குழாயைக் கட்டி வச்சிருந்தாவ, அதுல காது பாதி போச்சு. நான் பேசுறது எனக்கே கேக்கணும்னா இம்புட்டுச் சத்தம் வேணும். அவளுக்குக் கேட்டாக் கேக்கட்டும். நான் உங்ககிட்டத்தான பேசுதேன்.

எனக்கும் மயக்கத்துக்குப் பயம்தான். ஆனா உங்க பயம் மாதிரி இல்ல. உங்களுக்கு, முழிக்காமப் போயிருவோமோன்னு பயம். எனக்கு முழிக்கிறதுதான் பயம்.

சிரிக்காதிய, சொல்லுதேன். எங்கூட வேலை பாத்த கண்டக்டர் சுடலைமுத்து, அவன்தான் என் காதுல போட்டது. அவன் மச்சினனுக்குக் குடல்ல ஆபரேசன். மயக்கம் தெளியுற நேரம், அரைத் தூக்கத்துல, அந்த மனுசன் மாமனார்ல இருந்து கொழுந்தியா வரைக்கும் ஒருத்தர் விடாம மனசுல கெடந்ததையெல்லாம் கொட்டிட்டானாம். மாமனார் கட்டிலுக்குப் பக்கத்துலயே நிக்காரு. 'அது பூட்டு இல்லாத வாயி அண்ணாச்சி. உள்ள என்ன இருக்கோ அது வெளிய வந்துரும். நம்மால நிறுத்த முடியாது'ன்னான் சுடலைமுத்து.

எனக்கு உள்ள என்ன இருக்கு? பெரிசா ஒண்ணும் இல்ல. ஒரு பேரு இருக்கு.

அவ பேரு தம்பி. என் பொண்டாட்டி பேரு. அதை நான் சொல்லக்கூடாது. பதினோரு வருசமாச் சொல்லல. என்ன பேருன்னு கேக்கியளா? சொல்லக்கூடாதுன்னு இப்பத்தான சொன்னேன்!

அது பங்குனி மாசம். திருவிழாக் கூட்டம், பஸ் ஸ்டாண்டுல கால் வைக்க எடம் இல்ல. எங்க அக்கா பேத்திக்குத் தூத்துக்குடியில சடங்கு. நாலு மணிக்கு என் டூட்டி முடியும், டைம் ஆபீசுக்கு வந்துருன்னு அவகிட்டச் சொல்லியிருந்தேன். மணி நாலரை ஆச்சு, ஆளைக் காணோம். ஜன்னல் வழியா எட்டிப் பாத்தா, பூக்கடை ஓரத்துல நின்னு எவகிட்டயோ பேசிக்கிட்டு இருக்கா. கையை ஆட்டி ஆட்டிப் பேசுதா. தூத்துக்குடி வண்டி டிரைவர் ஆரன் அடிக்கான். நான் கை காட்டுதேன், திரும்பவே இல்ல. எடுத்தேன் மைக்கை.

'பயணிகள் கவனத்திற்கு. கையில் மஞ்சள் பையுடன், பூக்கடை அருகே, அரை மணி நேரமாக வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும்', பேரைச் சொன்னேன், 'அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாக டைம் ஆபீசுக்கு வரவும். உங்கள் கணவர் காத்திருப்பார், பேருந்து காத்திருக்காது.'

பஸ் ஸ்டாண்டே சிரிச்சுச்சு தம்பி. கடலை விக்கிறவன் கையைத் தட்டுனான். ஒரு கல்யாணக் கூட்டம் மொத்தமும் திரும்பி அவளைப் பாத்துச்சு. நல்ல அறிவிப்பு அது. அந்தக் கடைசி வரி இப்பச் சொன்னாலும் நல்லாத்தான இருக்கு?

வந்தா. டைம் ஆபீஸ் வாசல்ல நின்னா. 'இனிமே உங்க வாயில எம் பேரு வரக்கூடாது'ன்னா. அவ்வளவுதான். திரும்பி நடந்து, அவ அம்மா ஊருக்குப் போற டவுன் பஸ்ஸுல ஏறிப் போயிட்டா.

பொறவுதான் எனக்கு விசயமே தெரியும். பூக்கடைகிட்ட நின்ன பொம்பளை அவ அம்மா வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. அவ அம்மா கீழ விழுந்து ரெண்டு நாளாப் பேச்சு மூச்சு இல்லாமக் கெடக்காவன்னு சொல்லியிருக்கா. இவ கையை ஆட்டுனது பேச்சு இல்லையாம், அழுகையாம். நூறடி தள்ளி ஜன்னல் வழியாப் பாத்தா ரெண்டும் ஒண்ணு மாதிரித்தான இருக்கும்? நீங்களே சொல்லுங்க. மூணாம் நாளு அந்தம்மா போய்ச் சேந்துட்டாவ.

எனக்குத் தெரியுமா? தெரிஞ்சாச் சொல்லுவேனா? துட்டி வீட்டுல எல்லாம் நான்தான் செஞ்சேன். பந்தல்காரனைக் கூப்பிட்டேன், பதினாறு நாளும் லீவு போட்டுக்கிட்டு அங்கனயே கெடந்தேன். மன்னிச்சுக்கோன்னு மட்டும் சொல்லல. எப்படிச் சொல்ல? பேரைச் சொல்லித்தான ஒரு ஆளைக் கூப்பிடணும்? 'ஏ, இந்தா, மன்னிச்சுக்கோ'ன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?

வருத்தம் சொல்லத் தெரியாதவன்னு நினைச்சிராதிய. எந்த வண்டி லேட்டா வந்தாலும், டயரு வெடிச்சாலும், டிரைவர் டீ குடிக்கப் போனாலும், மைக்குல நான்தான 'தாமதத்திற்கு வருந்துகிறோம்'னு சொல்லணும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வருந்துவேன். ஒரு தடவை கூட நெசமா வருந்துனதில்ல, அது வேற விசயம்.

அவ சொன்னதை நான் மதிச்சேன் தம்பி. அதை யாரும் பாக்க மாட்டாவ. பேரைச் சொல்லாதேன்னா, சொல்லல. 'சரி, கூப்பிடுங்க'ன்னு அவளே ஒரு நாளு வாயைத் தொறந்து சொல்லட்டும், அன்னைக்குக் கூப்பிடுதேன்னு இருந்துட்டேன். அவ சொல்லல. ஒரு மாசம், ஒரு வருசம்னு போச்சு. பேரே இல்லைன்னு ஆன பொறவு பேச்சும் இல்ல.

மக வீட்டுல இருந்த வரைக்கும் வண்டி ஓடுச்சு. 'பொன்மணி, உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு.' நான் பக்கத்துலயேதான் நிப்பேன். 'பொன்மணி, பெறகு சாப்பிடுதேன்னு சொல்லு.' அந்தப் பிள்ளை பாவம், வாயே தொறக்காது, அங்க ஒரு பார்வை இங்க ஒரு பார்வை பாக்கும், அதுலயே சேதி போயிரும். நாலு வருசம் முன்னால கட்டிக்குடுத்து ஓசூருக்கு அனுப்புனோம். மாப்பிள்ளை கூட வண்டியில ஏறும்போது என் காதுகிட்ட வந்து, 'இனிமே யாருப்பா சொல்லுவா?'ன்னு கேட்டுச்சு. நான் ஏதோ சாமான் விசயம்னு நினைச்சு, எல்லாம் எடுத்து வச்சாச்சும்மான்னேன்.

இப்ப எப்படிப் போகுதுன்னா, தினசரி காலண்டர்ல தாள் கிழிக்கோம்லா, அதுக்குப் பின்னால எழுதி டிவி மேல வைப்பா. 'கேஸ் சொல்லவும்.' 'நாளை தண்ணீர் வராது.' அவசரம்னா செவுத்தைப் பாத்துச் சொல்லுவா. 'சோறு வச்சாச்சு.' 'கதவு தொறந்து கெடக்கு.' அது பேச்சு இல்ல தம்பி. யாருக்குன்னு இல்லாமச் சொன்னா அது அறிவிப்பு. எனக்கு அந்த வித்தியாசம் நல்லாத் தெரியும், அதுலதான சம்பளம் வாங்குனேன்.

வீட்டுல ஒத்தையா இருக்கவன் கொடுத்து வச்சவன். தனக்குத்தானே ஏதாவது பேசிக்கிட்டுக் கெடப்பான். எனக்கு அதுவும் கெடையாது. வாய்விட்டு 'அப்பாடா, என்ன வெயிலு'ன்னு சொன்னாக்கூட அவகிட்டச் சொன்ன மாதிரி ஆயிரும். அதனால வீட்டுல இருமல், தும்மல் தவிர ஒரு சத்தம் கெடையாது. காலையில எந்திரிச்சா மத்தியானம் வரைக்கும் என் குரலை நான் கேட்டிருக்க மாட்டேன். ரிட்டையர் ஆனவனுக்குப் பாஸு உண்டுலா, ஏதாவது ஒரு பஸ்ஸுல ஏறி, பேசத் தோதான ஆளாப் பாத்து உக்காந்து, கடைசி ஸ்டாப்பு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வருவேன். எங்க போனீங்கன்னு கேக்கவும் ஆளு இல்ல.

ஆலங்குளம் வந்துட்டு. இங்கன அஞ்சு நிமிசம் நிப்பான். டீ சாப்பிடுதியளா? எனக்கு இன்னும் ஒரு மாசத்துக்கு எண்ணெய்ப் பலகாரம் கூடாது. பருப்பு வடையைப் பாத்தியளா, ஆவி பறக்குது. சரி, விடுங்க.

கல்லு வலிக்க ஆரம்பிச்சது ஆவணியில. வலின்னா, வெலாவுல யாரோ முழங்காலை வச்சு அழுத்துற மாதிரி. டாக்டர் எடுத்துரணும்னுட்டாரு. முழு மயக்கம்னாரு. எடுத்த எடுப்புல எனக்கு அந்த சுடலைமுத்து மச்சினன் ஞாபகம்தான். நான் மயக்கத்துல கெடப்பேன், பக்கத்துல அவ இருப்பா, பேரு வந்துருமே! பதினோரு வருசம் கட்டிக் காத்த வைராக்கியம். அதுவும் எப்படி வரும்? ஒரு நாதியத்தவன் மாதிரி, கண்ணை மூடிக்கிட்டு, அவ பேரைச் சொல்லி முனங்கிக்கிட்டு. அவ குனிஞ்சு பாப்பா. எனக்கு நினைச்சாலே வேர்த்துரும்.

ரெண்டு தடவை தள்ளிப் போட்டேன். தீவாளி கழியட்டும்னேன். கார்த்திகை கழியட்டும்னேன். எண்ணெய் இல்லாத இட்லியாத் தின்னு தின்னு பத்துக் கிலோ எறங்குனேன். ஒரு நாளு வலியில குளியலறையிலயே உக்காந்துட்டேன். வெளிய இருந்து செவுத்துக்கு ஒரு சத்தம். 'ஆட்டோ வந்து நிக்குது.' பாத்தா வாசல்ல ஆட்டோ. கூடையில துண்டு, டம்ளரு, என் ஆதார் கார்டு, எல்லாம் எடுத்து வச்சுட்டா. நேரா ஆஸ்பத்திரி.

கூட இருக்க வேற ஆளு பாத்தேன் தம்பி. மகளுக்கு எட்டாம் மாசம், பிரயாணம் கூடாதுன்னுட்டாவ. சுடலைமுத்துக்குச் சக்கரை, அவனையே ஒரு ஆளு பாக்கணும். வேற யாரு இருக்கா எனக்கு? விரல் விட்டுப் பாத்தேன், விரல்தான் மிச்சம்.

ஆஸ்பத்திரியில சேக்குற எடத்துல ஒரு பிள்ளை ஃபாரம் எழுதுது. 'கூட யாரு?' பொண்டாட்டின்னேன். 'பேரு?' நான் வாயைத் தொறக்கல. 'பெரியவரே, உங்க வீட்டம்மா பேரு என்ன?' அவங்ககிட்டயே கேட்டுக்கிடுங்கன்னேன். அவ மருந்துச் சீட்டு வாங்கப் போயிருக்கா, வரிசை நிக்குது. 'உங்களுக்குத் தெரியாதா?' தெரியும்னேன். 'தெரிஞ்சாச் சொல்லுங்க.' சொல்ல முடியாதுன்னேன். அந்தப் பிள்ளை என்னை ஒரு மாதிரிப் பாத்துட்டு ஏதோ எழுதிச்சு. பொறவு பாத்தா ஒரு டாக்டர் வந்து என்கிட்ட, இன்னைக்கு என்ன கிழமை, இது எந்த ஊரு, நூறுல ஏழு போனா எத்தனைன்னு கேக்காரு! மறதி நோயின்னு எழுதி விட்டுருக்கு அந்தப் பிள்ளை. செங்கோட்டை வண்டி எத்தனை மணிக்குன்னு இருபத்திரண்டு வண்டியையும் வரிசையாச் சொன்னேன். ஆளு பேனாவை மூடிட்டுப் போயிட்டாரு.

மயக்க மருந்து குடுக்குற டாக்டரம்மா மொத நாளே வந்து பாத்தாவ. உங்களுக்கும் வருவாவ. நல்ல ஆளு, சின்ன வயசுதான். 'பயமா இருக்காய்யா?'ன்னாவ. ஆமான்னேன். 'பயப்படாதீங்க, நான் பக்கத்துலயே இருப்பேன், கண்டிப்பா முழிச்சிருவீங்க'ன்னாவ. முழிக்கிறதைப் பத்தித்தாம்மா கவலைன்னேன். வாயில பிளாஸ்திரி போட்டு ஒட்டிற முடியுமான்னு கேட்டேன்.

'எதுக்குய்யா?'

பேசாம இருக்கத்தான்னேன்.

'வாய் வழியாக் குழாய் போட்டிருப்போம். நீங்க நினைச்சாலும் பேச முடியாது'ன்னாவ. எனக்கு உசுரு வந்துச்சு தம்பி. கும்பிட்டேன். பெறகு ஒரு சந்தேகம். குழாயை எப்ப எடுப்பியன்னு கேட்டேன். 'தெளியும்போது எடுத்துருவோம்.' எடுத்த பெறகு? 'கொஞ்ச நேரம் சில பேரு ஏதாவது பேசுவாங்க, அது ஒண்ணும் இல்ல.' அப்பப் பக்கத்துல யாரும்மா இருப்பா? 'உங்க சம்சாரத்தை விடுவோம்யா. கவலைப்படாதீங்க'ன்னு என் கையைத் தட்டிக்குடுத்துட்டுப் போயிட்டாவ.

அப்பத்தான் ஒரு யோசனை வந்துச்சு. உங்களுக்கும் சொல்லுதேன், வேணும்னா வச்சுக்கிடுங்க. போகும்போது எதை வாயில வச்சுக்கிட்டுப் போறமோ, வரும்போது அதுதான் வாயில இருக்கும்னு சுடலைமுத்து சொல்லியிருந்தான். என் வாயில எது நெரம்பக் கெடக்கும்? பஸ்ஸுதான. வாய் முழுக்கப் பஸ்ஸை அடைச்சு வச்சுட்டா பேருக்கு எடம் ஏது? அன்னைக்கு விடிஞ்சதுல இருந்து மனசுக்குள்ள அதுதான். தியேட்டருக்குத் தள்ளிக்கிட்டுப் போறாவ. அவ கூடவே நடந்து வாரா, வாசல் வரைக்கும். என் சுண்டுவிரல்ல இருந்த மோதிரத்தைக் கழட்டி வாங்கிக்கிட்டா. வழுக்கலன்னு எச்சி தொட்டுக் கழட்டுனா. நான் அவளைப் பாக்கல. பேட்டை, சீதபற்பநல்லூர், மாறாந்தை, ஆலங்குளம்.

உள்ள ஒரே குளிரு. மூக்குல மூடியை வைக்காவ. 'நல்லா இழுத்து மூச்சு விடுங்கய்யா.' அத்தியூத்து, பாவூர்சத்திரம். தென்காசி வரலன்னு நினைக்கேன். அங்கனயே போயிட்டேன். அவ்வளவுதான் தம்பி மயக்கம். கனவு கூட இல்ல.

கண்ணு முழிச்சா வார்டுல கெடக்கேன். மத்தியானம் மூணு மணி. தொண்டை காந்துது. அவ ஈரப் பஞ்சை வச்சு என் ஒதட்டைத் தொடைச்சிக்கிட்டு இருக்கா. நான் முழிச்சதைப் பாத்ததும் பஞ்சை டம்ளர்ல போட்டுட்டு எந்திரிச்சு ஜன்னலோரம் போயிட்டா. கண்ணு ரெண்டும் செவந்து போயிருந்துச்சு. அந்த வார்டுல ஏசி வேற, அவளுக்கு ஒத்துக்காது.

எனக்கு அதைப் பத்தி என்ன, என் கவலை எனக்கு. என்ன பேசுனேன்? எதுவும் வந்துச்சா? யாருகிட்டக் கேக்க? மறுநாளு அவ கஞ்சி வாங்க எறங்குன நேரத்துல, நர்சு ஒண்ணு வந்துச்சு, ஜெபராணின்னு பேரு. மெல்லக் கேட்டேன். அது விழுந்து விழுந்து சிரிக்கி. 'தாத்தா, நேத்து ஒரு மணி நேரம் இந்த வார்டுல பஸ்ஸா விட்டீங்க. பக்கத்துப் பெட்டு ஆளு, நான் ஏறணுமான்னு கேக்காரு'ங்குது. தாத்தாவாம். அறுபத்தி நாலு வயசுதான் ஆகுது எனக்கு.

எனக்குப் பெரிய நிம்மதி. பஸ்ஸு மட்டுந்தானான்னு கேட்டேன்.

'அம்மாதான் பாவம். நீங்க பேச ஆரம்பிச்சதும் ஓடி வந்து உங்க வாய்கிட்டக் காதை வச்சாங்க. அப்படியே குனிஞ்சு நிக்காங்க. இடுப்பு வலிக்கும், உக்காருங்கம்மான்னேன், கேக்கல. நீங்க என்னடான்னா ஆலங்குளம், பாவூர்சத்திரம்னு போய்க்கிட்டே இருக்கீங்க'ன்னுச்சு.

காதை வச்சுக்கிட்டு நின்னாளாம் தம்பி. ஒரு மணி நேரம்.

பெறகு சொல்லிச்சு. 'கடைசியில ஒரு அறிவிப்பு விட்டீங்க பாருங்க. அம்மா பேரைச் சொல்லி, அவர்கள் எங்கிருந்தாலும் டைம் ஆபீசுக்கு வரவும், உங்கள் கணவர் காத்திருக்கிறார்னு. ஒரு தடவை இல்ல, மூணு தடவை.'

நான் அடைச்சு வச்ச பஸ்ஸுலயே ஏறி வந்திருக்கு தம்பி அந்தப் பேரு!

ஆனா ஒண்ணு. அது அறிவிப்பு. பேச்சு இல்ல. என் வைராக்கியம் போகல. அதை நான் அந்தப் பிள்ளைகிட்டயும் எடுத்துச் சொன்னேன். அதுக்கு ஒண்ணும் விளங்கல. 'என்னமோ தாத்தா, மூணாவது தடவை அம்மா உங்களுக்குப் பதில் சொன்னாங்க'ன்னுச்சு.

என்ன சொன்னான்னு கேட்டேன்.

'இங்கனதான இருக்கேன், எங்க போயிட்டேன்'னு சொன்னாளாம்.

யாரு மொதல்ல பேசுனதுன்னு பாத்தா அவதான் பேசியிருக்கா. நான் அறிவிச்சேன், அவ பேசுனா. ஜெயிச்சது நான்தான். படுத்துக்கிட்டே அதை நினைச்சுப் பாத்தேன். சந்தோசம் வரும்னு பாத்தா, வரல தம்பி. பதினோரு வருசமா இந்தக் காது அந்த ஒரு சத்தத்துக்குத்தான் காத்துக் கெடந்துச்சு. அவ பேசுன அன்னைக்கு நான் பொணம் மாதிரிக் கெடந்திருக்கேன். நர்சுக்குக் கேட்டிருக்கு. பக்கத்துப் பெட்டுக்காரனுக்குக் கேட்டிருக்கு. எனக்குக் கேக்கல.

அதுவும் நெசந்தானான்னு யாரு கண்டா? அந்தப் பிள்ளை எல்லார்கிட்டயும் நல்லதா நாலு வார்த்தை சொல்லுத பிள்ளை. பக்கத்துப் பெட்டுக்காரன் சோளக்கொல்லை பொம்மை மாதிரி இருக்கும்போதே 'நல்லாத் தேறிட்டீங்க'ன்னுச்சு. கெழவன் மனசு தேறட்டும்னு எனக்கும் ஒண்ணு சொல்லியிருக்கும். வீட்டுக்கு வந்து இன்னையோட ஒம்பது நாளு. காலண்டர் தாள்தான். 'மாத்திரை இரண்டு. சாப்பாட்டுக்குப் பின்.' பேசுனவளா இருந்தா அதுக்கு மேல ஒரு வார்த்தை வந்திருக்காதா?

இந்தத் தலையணையா? பஸ்ஸு குதிக்கும்போது வயித்துல அணைச்சுப் பிடிச்சுக்கிட்டா வலி தெரியாது. நான் கொண்டுவரல. ஏறி உக்கார வரும்போது சீட்டுல கெடந்துச்சு. அவ கூடையில இருந்துதான் வந்திருக்கும். வேற எப்படி வரும்?

பாவூர்சத்திரம் தாண்டிட்டான். அடுத்தது ஆவாரங்குளம் விலக்கு, எங்க ஸ்டாப்பு. தம்பி, ஒரு ஒத்தாசை. நீங்க எந்திரிச்சுப் போயி அந்தம்மாகிட்ட, எறங்குற எடம் வந்துட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. ஜன்னல்ல சாஞ்சிருக்கா, தூங்கிட்டாளோ என்னமோ. இந்த மாதிரி நேரத்துல பக்கத்துல உக்காந்திருக்க யாராவதுதான் சொல்லுவாவ, வழக்கந்தான்.

என்ன? மாட்டியளா? நானே சொல்லணுமா? எப்படித் தம்பி சொல்ல, அவதான் பேரைச் சொல்லக்கூடாதுன்னு...

அறிவிப்பு பேச்சு இல்லையேன்னு கேக்கியளா? நல்லா மடக்குதிய. நாந்தான் சொன்னேன். இல்லைங்கல. ஆனா பஸ்ஸு நெறைய ஆளு இருக்கு தம்பி. அன்னைக்கும் இப்படித்தான், ஆளு நெறைய இருந்துச்சு.

விசில் அடிச்சுட்டான். தலையணையைப் பிடிங்க. நான் எந்திரிச்சுக்கிடுதேன். இந்தக் கம்பி எங்க... ம். சரி.

'பயணிகளின் கனிவான கவனத்திற்கு. ஆவாரங்குளம் விலக்கில் இறங்க வேண்டிய உலகம்மாள் அவர்கள்... உலகம்மாள் அவர்கள், எங்கிருந்தாலும் முன்வாசலுக்கு வரவும். உங்கள் கணவர் பின்வாசலில் காத்திருக்கிறார். பதினோரு வருட... தாமதத்திற்கு வருந்துகிறேன்.'

சிரிக்காவ. பஸ்ஸே சிரிக்கி தம்பி. கண்டக்டரும் சிரிக்கான். போச்சு. அவ மொகம் தெரியுதா உங்களுக்கு? எனக்குக் கண்ணாடி மங்கலா இருக்கு. எந்திரிச்சுட்டாளா? திரும்புதா. இங்க பாக்கா. வாயி அசையுது. என்னமோ சொல்லுதா. என்ன சொன்னா? இந்த எஞ்சின் இரைச்சல்ல ஒண்ணும் கேக்கல எனக்கு. உங்களுக்குக் கேட்டுச்சா? சொல்லுங்க தம்பி, சீக்கிரம் சொல்லுங்க, பஸ்ஸை எடுத்துருவான்.

'இங்கனதான இருக்கேன்'னா?

அப்படியே சொன்னாளா? அதே மாதிரி? அப்ப அந்தப் பிள்ளை பொய் சொல்லல.

வாரேன் தம்பி. எறங்கிட்டா பாருங்க, கீழ நின்னு பாத்துக்கிட்டு இருக்கா. நீங்க தைரியமாப் போயிட்டு வாங்க. ஏ கண்டக்டரு, நில்லுய்யா, ஆபரேசன் பண்ண வயிறு. அடடா, தம்பி, அந்தத் தலையணை! எடுத்துக் குடுங்க. விட்டுட்டுப் போனேன்னா, எங்கன்னு அவ கேப்பா.